தம்புன் பம்ளிமாஸ் கட்டுரை: 1,200 சொல், 5 படம், 150 வெள்ளி (ரிங்கிட்), முழு உரிமை. ஆசிரியரிடம் எதை எப்படிப் பேசுவது?

லைன்வீட்டு_எழுத்து | சுங்கை சிப்புட் | ஆகஸ்ட் 10, இரவு 9:12

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து வரும் ஒரு ஞாயிறு இணைப்பின் ஆசிரியர் வாட்ஸ்அப்பில் கேட்டிருப்பது இது:

"இலையுதிர்காலப் பழவிழா: தம்புன் பம்ளிமாஸ். 1,200 சொல், 5 படம். செப்டம்பர் 20 ஞாயிறு வெளிவரும், 15-க்குள் அனுப்புங்கள். சன்மானம் 150 வெள்ளி, பிரசுரமான பிறகு. படைப்பின் முழு உரிமையும் பத்திரிகைக்கே."

அவர் சொல்வது சீனர்களின் மூன்கேக் விழாவை; தம்புன் ஈப்போ பக்கத்து ஊர். இன்னும் சம்மதம் சொல்லவில்லை. மூன்று கேள்வி. தொகையை மட்டும் கூட்டிக் கேட்பதா, மற்றதையும் தொடுவதா? "முழு உரிமை" என்ற வரியை எடுக்கச் சொல்லலாமா? தலைப்பே சரியாகப் படவில்லை, அதை இப்போதே சொல்வதா, எழுதி அனுப்பும்போது மாற்றிக்கொள்வதா?

---

மேசைப்பக்கம் | ஈப்போ | ஆகஸ்ட் 10, இரவு 9:50

தம்பி, முதலில் கணக்கைப் போடுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து பழைய முதலாம் எண் சாலையில் ஈப்போ வந்து தம்புன் போய்ப் படம் எடுத்துத் திரும்ப 5 மணி நேரம். கடைக்காரர், தோட்டக்காரர், சீனக் குடும்பம் ஒன்று என்று பேச்சுக்கு 3. எழுத 7. திருத்தம், படக்குறிப்பு, ஆசிரியரின் சந்தேகங்களுக்குப் பதில் 3. மொத்தம் 18 மணி. பெட்ரோல், படத்துக்கு வாங்கும் பழம், ஒரு வேளைச் சாப்பாடு என்று 35 வெள்ளி போகும். மிச்சம் 115. மணிக்கு 6 வெள்ளி 39 காசு.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மணிக் கணக்கில் அது 8.72. அந்தச் சட்டம் சுயேச்சை எழுத்தாளருக்குப் பொருந்தாதுதான், ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 18 மணிக்கு 157, செலவு 35, ஆக 192. அதாவது 192-க்குக் கீழே ஒத்துக்கொண்டால் கடைச் சிப்பந்தியின் அடிமட்டக் கூலிக்கும் கீழே எழுதுகிறீர்கள்.

ஆனால் "சன்மானத்தைக் கூட்டுங்கள்" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். ஆசிரியர் கையில் எது இருக்கிறது, நிர்வாகத்தின் கையில் எது இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சொல் எண்ணிக்கை, படங்களின் எண்ணிக்கை, கெடு, தலைப்பு, பெயர் போடுவது, பக்கத்தை அச்சுக்கு முன் காட்டுவது எல்லாம் ஆசிரியர் நாற்காலியிலேயே முடிவாகும். கட்டுரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் தொகையைத் தாண்டுவது, காசு எப்போது வரும் என்பது, உரிமை வரி, இவை மேலே போகும். மேலே போன விஷயம் எளிதில் கீழே வராது.

அதனால் முதலில் வேலையைக் குறையுங்கள். 700 சொல், 2 படம் என்றால் வேலை ஏறக்குறைய 10 மணி நேரத்தில் முடியும். அதே 150-இல் செலவு போக மணிக்கு 11 வெள்ளிக்கு மேல் நிற்கும். ஆசிரியருக்கு 1,200-தான் வேண்டும் என்றால், "அப்படியென்றால் கட்டுரைக்கு 150, படத்துக்குத் தனியாக" என்று பேச்சு வளரும். பல பத்திரிகைகளில் படச் சன்மானமும் பயணச் செலவும் கணக்கில் வேறு வரிகள். ஒரே வரியில் 300 கேட்டால் மாட்டேன் என்பவர், மூன்று வரியில் 300 வந்தால் கையெழுத்துப் போடுவார்.

---

கித்தாமரம் | சுங்கை சிப்புட் | ஆகஸ்ட் 10, இரவு 10:31

தலைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "இலையுதிர்காலம்" வேண்டவே வேண்டாம்.

நம் பக்கத்தில் இலை உதிர்வது கித்தா மரம், அதாவது ரப்பர். அது உதிர்வது தை கடைசியில் தொடங்கி மாசி, பங்குனியில். பால் குறையும், காடு முழுக்க சருகு மிதிபடும். தோட்டத்தில் வளர்ந்த எந்த வாசகரும் இலையுதிர் என்றதும் அந்த மாதங்களைத்தான் நினைப்பார். செப்டம்பர் விழாவுக்கு அந்தப் பெயரை வைத்தால், இதை எழுதியவருக்குத் தோட்டமே தெரியாது போலிருக்கிறது என்று முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

விழாவின் சீனப் பெயரில் "இலையுதிர்காலத்தின் நடு" என்ற பொருள் இருப்பது உண்மைதான். அது சந்திர மாதக் கணக்கு. அவர்களுக்கு ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்கள் அந்தப் பருவம், எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் நாள் அதன் நட்டநடு. ஒரு வரியில் இதைச் சொல்லிவிட்டு "எட்டாம் மாதப் பௌர்ணமி" என்றோ, ஊரில் எல்லோரும் சொல்வதுபோல "தங்லோங் விழா" (தங்லோங் என்றால் கைவிளக்கு), "மூன்கேக் விழா" என்றோ எழுதினால் போதும். நம் கூதிர் காலம் ஐப்பசி, கார்த்திகை. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் புலமை காட்ட வேண்டாம்.

இன்னொன்று, "பழவிழா" என்பதும் சரியில்லை. பழத்துக்கென்றே விழா எடுப்பது வேறு. இங்கிலாந்தில் காமன் கிரவுண்ட் என்ற அமைப்பு 1990 அக்டோபர் 21-இல் லண்டன் கோவன்ட் கார்டனில் தொடங்கிய ஆப்பிள் நாள் அப்படிப்பட்டது. அங்கே ஆப்பிள்தான் மாப்பிள்ளை. இங்கே மாப்பிள்ளை நிலா. பம்ளிமாஸ் படையல் தட்டில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த விழாவைப் பற்றி எழுதுகிறோம் என்று ஆசிரியருக்கும் உங்களுக்கும் இப்போதே ஒத்துப்போகாவிட்டால், 1,200 சொல் எழுதி முடித்த பிறகு "நான் கேட்டது இது இல்லையே" என்று வரும்.

---

சட்டப்பை | ஆகஸ்ட் 10, இரவு 11:20

உரிமை விஷயத்துக்கு வருகிறேன். நிறைய பேர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

"எழுதியவன் நான், நான் எழுதிக் கொடுக்காதவரை உரிமை என்னுடையது" என்று நினைப்போம். மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு அவருக்காக எழுதிக் கொடுத்த படைப்பின் பதிப்புரிமை கேட்டவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியதற்கும் அப்படியே. விலக்கு ஒன்றுதான்: இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே அந்த "முழு உரிமை" வரியை வெறுமனே எடுக்கச் சொன்னால் எந்தப் பயனும் இல்லை. வரி போனாலும் சட்டம் அதே இடத்தில்தான் கொண்டுவந்து விடும். எடுப்பதற்குப் பதில் மாற்று வரி ஒன்றை எழுத வேண்டும்:

"கட்டுரை, படங்கள் ஆகியவற்றின் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். பத்திரிகைக்கு அச்சிலும் தன் இணையதளத்திலும் ஒருமுறை முதலில் வெளியிடும் உரிமை உண்டு. வெளிவந்து 60 நாளுக்குப் பின் எழுதியவர் வேறிடத்தில் பயன்படுத்தலாம்."

இதற்கு ஆசிரியர் "சரி" என்று எழுத்தில் பதில் தர வேண்டும். தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் லா" என்றால் அதற்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன், வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். நிரூபிப்பதுதான் பாடு. பேசி முடித்த ஐந்து நிமிடத்தில் "சற்றுமுன் பேசியபடி..." என்று வாட்ஸ்அப்பில் சுருக்கம் அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்காமலேயே எழுதி அனுப்பிய கட்டுரைக்கு 26-ஆம் பிரிவின் அந்தப் பகுதி பொருந்தாது, உரிமை எழுதியவரிடமே நிற்கும். ஆனால் கேட்காமல் அனுப்பியதைப் போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம், காசுக்கும் உத்தரவாதம் இல்லை. கேட்டு எழுதினால் கூலி உறுதி, உரிமைக்கு வாய் திறக்க வேண்டும். கேட்காமல் எழுதினால் உரிமை உறுதி, கூலி அதிர்ஷ்டம்.

---

புதுசு_92 | ஆகஸ்ட் 11, காலை 7:05

150 வெள்ளிக் கட்டுரைக்கு உரிமை கிரிமை என்று பேசினால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். பம்ளிமாஸ் கட்டுரையை வைத்து என்ன செய்யப் போகிறோம்?

---

மேசைப்பக்கம் | ஈப்போ | ஆகஸ்ட் 11, காலை 8:40

@புதுசு_92, கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் நியாயம்தான். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், நிபந்தனை பேசியவரால் வரும் எரிச்சலை விட, ஒன்றும் பேசாமல் ஒத்துக்கொண்டு 14-ஆம் தேதி "இன்னும் இரண்டு நாள்" கேட்பவரால் வரும் எரிச்சல் பெரியது. ஒரே செய்தியில், ஒரே முறை, ஐந்தாறு வரியில் பேசுபவரைப் பிடிக்கும். தினம் ஒரு நிபந்தனையாக ஊற்றுபவரைத்தான் பிடிக்காது.

இந்தப் பழத்தை வைத்து என்ன செய்வதா? பம்ளிமாஸ் ஆண்டுக்கு இரண்டு முறை செய்தி: இந்தப் பௌர்ணமிக்கு ஒருமுறை, சீனப் புத்தாண்டுக்கு ஒருமுறை. 2027-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. செப்டம்பரில் திரட்டிய தகவலில் பாதி அப்போதும் உதவும். உரிமை போய்விட்டால் அந்த வரிகளையே திரும்ப எழுதத் தயங்க வேண்டும். பத்திரிகைகள் நின்றுபோவதும் உண்டு. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-இல் நின்றது. மூடிய நிறுவனத்திடம் மறுபதிப்புக்கு அனுமதி கேட்க யாரைத் தேடிப் போவது?

---

தம்புன்_காற்று | ஆகஸ்ட் 11, மதியம் 1:15

பழத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! ஆசிரியரிடம் கூடுதல் காசு கேட்க வலு தருவதே இதுதான். இணையத்தில் கிடைக்காத தகவலைக் கொடுப்பதாகச் சொன்னால்தான் 150 என்பது 250 ஆகும்.

பூ விரிந்ததிலிருந்து பழம் பறிக்கும் வரை ஐந்தரை முதல் ஆறு மாதம். செப்டம்பர் 25-க்குத் தட்டில் இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் தொடக்கத்தில் பறிக்க வேண்டும். அப்படியானால் மார்ச்சில் பூத்திருக்க வேண்டும். வறட்சிக்குப் பின் மழை பெய்தால் எலுமிச்சை இனம் பூக்கும். கித்தாமரம் அண்ணன் சொன்ன அதே சருகு மாதங்கள்தான் இந்தப் பழத்தின் தொடக்கமும். கட்டுரைக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது: கித்தா இலை கொட்டும்போது பம்ளிமாஸ் பூக்கிறது.

பறித்தவுடன் தின்பதைவிட ஓரிரு வாரம் வைத்தால் சுவை கூடும். தோல் கொஞ்சம் சுருங்கும், வாசகர்கள் அதை அழுகல் என்று நினைத்து ஒதுக்குவார்கள், அதை எழுதுங்கள். கையில் தூக்கிப் பார்த்துத் தோற்றத்துக்கு மேல் கனமாக இருப்பதை எடுக்க வேண்டும். பெரிதாக இருந்து கனமில்லை என்றால் தோல்தான் தடிமன், உள்ளே சுளை காய்ந்திருக்கும். வெளியறையில் ஒரு மாதம்கூடத் தாங்கும்.

கடைத் தவ்க்கேயிடம் (முதலாளியிடம்) கேட்க வேண்டியவை: எப்போது பறித்தது, இந்த வட்டாரத்துப் பழமா வெளியிலிருந்து வந்ததா, இனிப்பு ரகமா புளிப்புக் கலந்ததா, விலை காய்க்கணக்கா எடைக்கணக்கா. வட்டாரத்துப் பழம்தானா என்ற கேள்வியை விட்டுவிட்டு "தம்புன் பழம்" என்று எழுதுவதுதான் நிறைய நடக்கும் தவறு. தம்புன் சாலையில் விற்பதாலேயே தம்புனில் காய்த்ததாகிவிடாது. வேளாண் துறைப் பதிவில் தம்புன் ரகத்தின் எண் பி.ஓ. 52. அரசு வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி வெளியிட்ட மெலோமாஸ் ரகம் பி.ஓ. 55. தோட்டக்காரரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்டால், ஆளுக்கு விஷயம் தெரியும் என்று அவரும் திறந்து பேசுவார்.

தோட்டத்தில் காயைப் பையால் மூடிக் கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். பழ ஈயும், காயைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழுவும்தான் காரணம். துளைத்த இடத்தில் பிசின் வடிந்து புழுவின் எச்சம் ஒட்டியிருக்கும். உள்ளே போனபின் மருந்து அடித்துப் பயனில்லை, அதனால் காய் சிறிதாக இருக்கும்போதே பை. ஒவ்வொரு காய்க்கும் ஏணி போட்டு ஏறும் இந்த வேலைதான் விலையில் பெரும் பங்கு. "பம்ளிமாஸ் ஏன் இந்த விலை" என்று ஒரு பத்தி எழுதினால் ஆசிரியர் மகிழ்வார்.

---

புரட்டாசி_சமையல் | கோலக்கங்சார் | ஆகஸ்ட் 11, மாலை 6:30

யாரும் கவனிக்காத ஒன்று. இந்த ஆண்டு அந்தப் பௌர்ணமி செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. புரட்டாசி பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மறுநாள் புரட்டாசிச் சனி. பத்திரிகை வெளிவரும் 20-ஆம் தேதியே வாசகர் வீட்டில் பாதிப் பேர் சைவத்தில் இருப்பார்கள்.

பக்கத்து வீட்டுச் சீனர் தரும் மூன்கேக்கில் பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேரும், நடுவில் உப்பிட்ட வாத்து முட்டைக் கரு. தாமரை விதை விழுது என்று பெயரைப் பார்த்து மட்டும் சைவம் என்று முடிவு கட்ட முடியாது. பம்ளிமாசுக்கு அந்தச் சிக்கலே இல்லை. விரத வீட்டுக்கும் கொடுக்கலாம், விரத வீட்டிலிருந்து சீன வீட்டுக்கும் கொடுக்கலாம். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இந்தக் கட்டுரை ஏன் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் ஆசிரியர் காட்டக்கூடிய காரணம் இது. உங்கள் செய்தியில் முதல் வரியாக வையுங்கள் அம்மா / ஐயா (யார் என்று தெரியவில்லை!).

ஒரு பெட்டிச் செய்தியும் சேருங்கள். பம்ளிமாசிலும் கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபுரானோகுமரின் உண்டு. சிம்வாஸ்டாட்டின் போன்ற சில கொழுப்பு மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள் உடலில் சிதையும் வேகத்தை அது குறைக்கும், மருந்து அளவு இரத்தத்தில் கூடும். மாத்திரை எடுப்பவர்கள் மருந்தாளரிடம் கேட்டுவிட்டுத் தின்னட்டும். வயதான வாசகர்கள் நிறைந்த ஞாயிறு இணைப்பில் இந்த நான்கு வரி இல்லாமல் பழத்தின் "மருத்துவக் குணங்கள்" என்று பத்தி பத்தியாக எழுதுவது பொறுப்பில்லாத வேலை.

---

கித்தாமரம் | ஆகஸ்ட் 11, மாலை 7:02

கிரேப்ஃப்ரூட் என்றதும் ஞாபகம் வருகிறது. அதைத் "திராட்சைப்பழம்" என்று மொழிபெயர்த்த பக்கங்கள் இணையத்தில் நிறைய. பம்ளிமாசும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். திராட்சைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கிருந்து தகவல் எடுத்தால் "திராட்சையும் மருந்தும் சேரக்கூடாது" என்று அச்சாகி, ஊரெல்லாம் திராட்சையை நிறுத்துவார்கள்.

---

ஒளிப்பதம் | பீடோர் | ஆகஸ்ட் 11, இரவு 9:18

5 படம் என்பதைச் சும்மா விடாதீர்கள். எந்த ஐந்து என்று கேளுங்கள்.

தோட்டத்தில் பையோடு காய், கடையில் அடுக்கிய பழம், பழம் உரிப்பது, படையல் தட்டு, தங்லோங் பிடித்த பிள்ளைகள். முதல் மூன்றையும் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் எடுத்துவிடலாம். கடைசி இரண்டும் 25-ஆம் தேதி இரவுதான் நடக்கும். பத்திரிகை 20-ஆம் தேதி வருகிறது! அப்படியானால் சென்ற ஆண்டுப் படம் வேண்டும், அல்லது அமைத்து எடுக்க வேண்டும். அமைத்து எடுத்ததை "விழாக் காட்சி" என்று குறிப்பு போடக் கூடாது, "படையல் அமைப்பு" என்று போடலாம். இதை இப்போதே சொன்னால் ஆசிரியரே 3 படத்துக்கு இறங்குவார். கெடு வந்த பிறகு சொன்னால் நீங்கள் குறை வைத்ததாகத்தான் தெரியும்.

பிள்ளைகள் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோர் சம்மதத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், கோப்பாக அனுப்ப வேண்டும். நண்பகலில் மஞ்சள்பச்சைத் தோல் வெளிறிப்போகும், காலை 9-க்குள் எடுத்தால் தோலின் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும்.

உரிக்கும் படத்துக்கு: காம்புப் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் மூடிபோல் சீவி, மேலிருந்து கீழாக ஆறு கீறல். கத்தி வெள்ளைச் சதை வரைதான் இறங்க வேண்டும், சுளையைத் தொட்டால் சாறு வடிந்து படம் கெடும். அடியில் வெட்டாமல் விட்டால் தோல் பூப்போல விரிந்து நிற்கும். சீனப் பிள்ளைகள் தலையில் தொப்பியாகப் போடுவதும், உள்ளே மெழுகுவத்தி வைத்துத் தூக்கிப் போவதும் அந்தத் தோலைத்தான். சுளை மேல் இருக்கும் தோலையும் உரித்துவிட வேண்டும், கசப்பு அதிலும் வெள்ளைச் சதையிலும்தான் இருக்கிறது.

---

லைன்வீட்டு_எழுத்து | சுங்கை சிப்புட் | ஆகஸ்ட் 11, இரவு 10:45

(ஐயா இல்லை, அக்கா என்றே கூப்பிடலாம்.) எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். எழுதிக் கொடுத்தபின் போடாமல் விட்டால்? சொல் எண்ணிக்கையில் தகராறு வந்தால்?

---

சட்டப்பை | ஆகஸ்ட் 11, இரவு 11:30

"பிரசுரமான பிறகு சன்மானம்" என்பதில் ஆபத்தே அதுதான். விளம்பரம் வந்து பக்கம் போனால் கட்டுரை போகும். விழாக் கட்டுரையை அடுத்த வாரத்துக்குத் தள்ளவும் முடியாது. 27-ஆம் தேதி யாருக்கு வேண்டும் மூன்கேக் கட்டுரை? ஆகவே இரண்டு வரி: "ஏற்றுக்கொண்ட 30 நாளில் சன்மானம்" அல்லது, அதற்கு மறுத்தால், "கேட்டபடி எழுதிக் கொடுத்தும் வெளியிடவில்லை என்றால் பாதித் தொகை, உரிமை முழுவதும் எழுதியவருக்குத் திரும்பும்."

காசு வரவில்லை என்றால் நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகாதீர்கள், அது பொருளோ சேவையோ வாங்கியவருக்கானது, விற்றவருக்கு அல்ல. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது: 5,000 வெள்ளி வரை, தனிநபர் தொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை, படிவம் 198. அந்த அளவுக்குப் போவது அபூர்வம். ஆனால் தேதி போட்ட விலைப்பட்டியலும் "சரி" என்ற பதிலும் கையில் இருந்தால் நினைவூட்டல் கடிதத்திலேயே பெரும்பாலும் முடியும்.

---

மேசைப்பக்கம் | ஈப்போ | ஆகஸ்ட் 12, காலை 8:15

சொல் எண்ணிக்கை: தமிழில் இது சண்டைக்கு நல்ல இடம். "பறித்துக் கொண்டிருக்கிறார்கள்" இரண்டு சொல்லா, சேர்த்தால் ஒன்றா, பிரித்தால் மூன்றா? சேர்த்து எழுதுபவருக்கு 1,200 சொல் என்பது பிரித்து எழுதுபவரின் 1,400. "கோப்பில் கணினி காட்டும் எண்ணிக்கை, பத்து விழுக்காடு கூடக் குறைய" என்று ஒரு வரி போதும். அதைவிட நல்லது, அரைப் பக்கமா முழுப் பக்கமா, எத்தனை படம் என்று கேட்பது. பக்கம் கட்டுபவர் பார்ப்பது இடத்தைத்தான்.

யூனிகோடில் அனுப்புங்கள். சில அச்சகங்களில் இன்றும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்கள், மாற்றும்போது "ஸ்ரீ", "ஷ", மேற்கோள் குறிகள் உடையும். "பக்கத்தின் பி.டி.எஃப்.-ஐ அச்சுக்கு முன் பார்க்க வேண்டும்" என்று கேட்பது உரிமைப் பிரச்சினை இல்லை, பிழைத் திருத்தம். எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

---

லைன்வீட்டு_எழுத்து | சுங்கை சிப்புட் | ஆகஸ்ட் 12, மதியம் 12:20

அனுப்புவதற்கு முன் இங்கே வைக்கிறேன். வெட்டித் தாருங்கள்.

"வணக்கம் ஐயா. கட்டுரையை எழுதச் சம்மதம். இவ்வாண்டு பௌர்ணமி செப்டம்பர் 25, புரட்டாசி விரத நாளில் வருகிறது. விரத வீட்டுக்கும் சீன வீட்டுக்கும் இடையே கைமாறக்கூடிய பொருள் பம்ளிமாஸ் என்ற கோணத்தில் எழுதலாம் என்பது என் யோசனை. பழத்துக்கான விழா அல்ல, நிலாப் படையலில் பழத்தின் இடம். 'இலையுதிர்காலம்' தோட்டத்து வாசகருக்கு மாசி மாதத்தைக் குறிக்கும் என்பதால் 'நிலாத் தட்டில் தம்புன் பழம்' என்ற தலைப்பைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

900 சொல், பெட்டிச் செய்தி இரண்டு (தேர்ந்தெடுத்து உரிக்கும் முறை, மருந்து எச்சரிக்கை), 3 படம். விழா இரவுப் படம் கெடுவுக்கு முன் கிடைக்காது. கட்டுரைக்கு 150, படத்துக்கு 25 வீதம் 75, பயணம் 35, மொத்தம் 260 வெள்ளி, ஏற்றுக்கொண்ட 30 நாளில். வெளியிடாவிட்டால் பாதித் தொகை. பதிப்புரிமை என்னிடம், அச்சிலும் உங்கள் இணையதளத்திலும் முதல் வெளியீடு உங்களுடையது. பக்கத்தின் பி.டி.எஃப்.-ஐ அச்சுக்கு முன் பார்க்க விரும்புகிறேன். செப்டம்பர் 14 அனுப்புகிறேன். சம்மதமானால் 'சரி' என்று பதில் தந்தால் இந்த வாரமே தோட்டக்காரரிடம் நாள் கேட்டுக்கொள்வேன்."

---

தம்புன்_காற்று | ஆகஸ்ட் 12, மதியம் 12:58

நன்றாக இருக்கிறது அக்கா. "தம்புன் பழம்" என்ற தலைப்பை ஆசிரியர் ஏற்ற பின் கடைக்காரர் "இது வேறு ஊர்ப் பழம்" என்று சொன்னால் தலைப்பு போயிற்று. முதலில் ஒரு தோட்டத்தை உறுதி செய்யுங்கள். பழம் தேதிக்கு முன்பே தீர்ந்துபோகவும் வாய்ப்புண்டு, செப்டம்பர் 5 சனிக்கிழமைக்குத் தள்ளிவிடாமல் ஆகஸ்ட் கடைசியிலேயே ஒருமுறை போய்விடுங்கள், பை கட்டிய காய் அப்போதுதான் மரத்தில் இருக்கும்.

---

சட்டப்பை | ஆகஸ்ட் 12, மதியம் 1:30

"வெளியிடாவிட்டால் பாதித் தொகை" என்பதற்குப் பின் "உரிமை முழுவதும் எனக்கு, வேறிடம் தரலாம்" என்று சேர்க்கவும். "ஏற்றுக்கொண்ட" என்பதற்கும் எல்லை வேண்டும்: அனுப்பி 5 நாளில் திருத்தம் சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும். இல்லையென்றால் ஏற்காமலும் மறுக்காமலும் மேசையில் கிடக்கும். 260-ஐயும் வருமானக் கணக்கில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், எழுத்தைத் தொழிலாகச் செய்பவருக்கு வருமான வரிப் படிவம் பி, கெடு ஜூன் 30.

---

மேசைப்பக்கம் | ஈப்போ | ஆகஸ்ட் 12, மாலை 5:40

இரண்டே திருத்தம். 260 என்று கூட்டித் தராதீர்கள், மூன்று வரியாகவே விடுங்கள், கூட்டலைக் கணக்குப் பிரிவு போட்டுக்கொள்ளும். கெடு 14 வேண்டாம். 16 மலேசிய தினம், விடுமுறை, ஞாயிறு இணைப்பின் பக்கங்களை 15-லேயே மூடப் பார்ப்பார்கள். 14-இல் அனுப்பினால் பி.டி.எஃப். பார்க்க நேரமே இருக்காது. 11 வெள்ளிக்கிழமை என்று போடுங்கள்.

---

லைன்வீட்டு_எழுத்து | சுங்கை சிப்புட் | ஆகஸ்ட் 13, காலை 10:05

திருத்தி அனுப்பினேன். பதில் வந்தது: தலைப்பு சரி, 900 சொல் சரி, 3 படத்துக்கு 60, பயணம் 35 சரி. முதல் வெளியீட்டு உரிமை சரி, ஆனால் 60 நாளுக்கு வேறு தமிழ்ப் பத்திரிகையில் வரக் கூடாது. பாதித் தொகை பற்றி நிர்வாகத்தைக் கேட்டுச் சொல்வாராம். ஆக 245. ஒத்துக்கொள்ளலாமா?

---

சட்டப்பை | ஆகஸ்ட் 13, காலை 10:22

ஒத்துக்கொள்ளலாம். 60 நாள் நவம்பர் 19-இல் முடிகிறது, புத்தாண்டுக் கட்டுரைக்குத் தடையில்லை. பாதித் தொகைக்குப் பதில் வரும்வரை தம்புன் போவதற்கு வண்டியை எடுக்காதீர்கள்.